நோவாவின் வெள்ளமும் நான் சொல்லாமல் விட்டதும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பங்கின் இளையோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பின்னரும், ஓர் இளைஞன் மட்டும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தான். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். சிறு வயதில் பீடச் சிறுவனாக இருந்தவன். தன் கைப்பேசியை என்முன் நீட்டினான். அதில் உடைந்த களிமண் பலகை ஒன்றின் படம் இருந்தது.

"நோவாவின் கதை பாபிலோனியரிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்களே, உண்மையா ஃபாதர்?"

"அந்தக் கதை நம் தொடக்க நூலைவிடப் பழையது என்பது உண்மைதான்."

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை ஆண்டுகளாக?"

மனத்துக்குள் கணக்கிட்டேன். "ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக."

"அப்படியானால் ஏன் ஒருமுறைகூட எங்களுக்குச் சொல்லவில்லை?"

மறைநூல் நம்பத்தக்கதா, மனிதர் புனைந்ததா என்ற வினாவுக்கு விடை கூறக் குருமடத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவன் கேட்ட இந்த வினாவுக்கு எந்தப் பாடத்திலும் விடையில்லை. அன்றிரவு அவனிடம் நான் சொன்னதையும், சொல்ல நாணியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் களிமண் பலகையைப் பற்றி. இன்றைய இராக் நாட்டு மோசூல் நகருக்கு அருகே, பண்டைய நினிவேயின் இடிபாடுகளில், அசீரிய மன்னன் அசூர்பனிப்பாலின் நூலகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோண்டியெடுக்கப்பட்டது. ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் ஆப்பு வடிவ எழுத்துகளை அழுத்திப் பதித்த பலகைகளே அந்நூலகத்தின் நூல்கள். கி.மு. 612இல் நகரம் அழிந்தபோது அவை நொறுங்கி மண்ணில் புதைந்தன. ஆயிரக்கணக்கான துண்டுகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தும், அவற்றுட் பெரும்பாலானவை பல ஆண்டுகள் படிப்பாரின்றிக் கிடந்தன.

அவற்றைப் படிக்க வந்தவர் பெரிய பட்டதாரி அல்லர். ஜார்ஜ் ஸ்மித் என்ற அந்த இளைஞர், பணத்தாள் அச்சிடுவதற்கான செதுக்கு வேலையைக் கற்றவர். நண்பகல் உணவு வேளைகளில் அருங்காட்சியகத்துக்கு ஓடிச்சென்று அந்த எழுத்துகளைத் தாமே கற்றுக்கொண்டார். 1872இல் ஒரு துண்டைப் படித்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் தங்கிய மரக்கலம் ஒன்றும், அதிலிருந்து அனுப்பப்பட்ட புறா தங்க இடம் காணாது திரும்பி வந்ததும் அவர் கண்ணில் பட்டன. மகிழ்ச்சி தாளாது அறைக்குள் ஓடி, மேலாடைகளைக் களையவே தொடங்கிவிட்டார் என்று பின்னாளில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள் அவர் அதைப் பற்றி உரையாற்றியபோது, இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் கிளாட்ஸ்டனும் வந்து கேட்டார். விடுபட்ட பகுதிகளைத் தேடிவர 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ் 1000 கினி பொன் கொடுத்தது. ஸ்மித் சென்றார், 1873இல் வெள்ளக் கதையின் வேறொரு துண்டையும் கண்டெடுத்தார். 1876இல், மூன்றாம் பயணத்தின்போது, அலெப்போ நகரில் நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

வியப்பு என்னவெனில், அந்த ஒரே பலகையைக் காட்டி, விவிலியம் மெய்யென்று உறுதியாகிவிட்டது என்று ஒரு சாராரும், விவிலியம் இரவல் கதையென்று வெளிப்பட்டுவிட்டது என்று மற்றொரு சாராரும் மகிழ்ந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் என் பங்கு இளைஞனின் கைப்பேசியிலும் அதே வழக்கு நடந்துகொண்டிருந்தது.

என் குருமட நாட்களில் எங்கள் விவிலியப் பேராசிரியர் ஒருநாள் இரண்டு தட்டச்சுத் தாள்களை எங்கள் கையில் கொடுத்தார். ஒன்றில் தொடக்க நூலின் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்கள். மற்றொன்றில் கில்கமேஷ் காப்பியத்தின் 11ஆம் பலகை. "ஒரு வாரம் வைத்துப் படியுங்கள். நான் எதுவும் சொல்லப்போவதில்லை" என்று கூறிப் போய்விட்டார். இரண்டிலும் தெய்வ எச்சரிக்கை உண்டு, மரக்கலம் உண்டு, அதற்குக் கீல் பூசுதல் உண்டு, பறவைகள், மலை, இறங்கியபின் பலி, பலியின் நறுமணம் எல்லாம் உண்டு.

என் தாயார் எழுத்தறியாதவர். வானவில் தோன்றினால் எங்களை முற்றத்துக்கு அழைத்து வந்து, "ஆண்டவர் நோவாவுக்குக் கொடுத்த வாக்கு அது" என்று காட்டி, ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைவார். அந்தத் தாள்களைப் படித்த இரவில் என் தாயாரை யாரோ நெடுங்காலமாக ஏமாற்றி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிற்று. குருமடத்தை விட்டுப் போய்விடலாமா என்றுகூட எண்ணினேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அடுத்த வாரம் பேராசிரியர் வகுப்புக்கு வந்து, ஒற்றுமைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "எங்கெங்கே மாறுகிறது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் விழித்தோம். அவர் எங்களை மீண்டும் படிக்க வைத்தார்.

பாபிலோனியரின் வெள்ளக் கதைக்கு இன்னொரு பழைய வடிவம் உண்டு. அது அத்ராகாசிஸ் என்ற காப்பியத்தில் உள்ளது. அதன் படிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டவை. மனிதர் பெருகி அவர்களுடைய இரைச்சல் மிகுந்ததால், என்லில் என்னும் தெய்வத்துக்கு உறக்கம் கெட்டது. நோயை அனுப்பியும் பஞ்சத்தை அனுப்பியும் இரைச்சல் அடங்கவில்லை. ஆகவே வெள்ளம் வந்தது. கில்கமேஷ் காப்பியத்திலோ, வெள்ளத்தைக் கண்டு தெய்வங்களே நடுங்கி வானத்து மதிலோரம் நாய்களைப் போல ஒடுங்குகின்றன. வெள்ளம் வடிந்து பலி இடப்பட்டதும், அதன் மணத்தைத் தேடி ஈக்களைப் போல மொய்க்கின்றன. தப்பிப் பிழைத்த உத்னபிஷ்டிம் சாவில்லாதவனாக்கப்பட்டு, மனிதர் வாழாத தொலைவில் குடியமர்த்தப்படுகிறான்.

இப்போது நம் நூலுக்கு வருவோம். அங்கே வெள்ளத்துக்குக் காரணம் இரைச்சல் அன்று. மண்ணுலகில் நிறைந்துவிட்ட வன்முறை. அங்கே உறக்கம் கெட்ட தெய்வம் இல்லை. உள்ளம் நொந்த இறைவன் இருக்கிறார். வெள்ளம் அவரை அச்சுறுத்துவதில்லை. பலி அவருடைய பசியைத் தீர்ப்பதுமில்லை. நோவா தேவனாக்கப்படவில்லை. திராட்சைத் தோட்டமிட்டு, குடித்து, கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார், அவ்வளவு மனிதர்! இறுதியில் கடவுள் தம் வில்லை மேகத்தில் வைக்கிறார். எபிரேய மூலத்தில் அந்தச் சொல் போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் பொதுவானது. தமிழிலும் அது வில்தானே! போரை முடித்தவன் வில்லைச் சுவரில் மாட்டுவது போல என்று விரிவுரையாளர் பலர் விளக்குவர். அந்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமன்று. ஊர்வன, பறப்பன, காட்டு விலங்குகள் அனைத்தோடும் செய்யப்படுகிறது.

ஊரறிந்த பழங்கதையை இஸ்ரயேலர் எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் கைவைத்து மாற்றிய இடங்களிலேதான் அவர்களுடைய நம்பிக்கை பேசுகிறது. வெள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்வதற்கு அவர்கள் அதை எழுதவில்லை. கடவுள் எத்தகையவர் என்று சொல்வதற்கே எழுதினார்கள். அது பொய்யென்றால் அந்தச் செய்தி பொய்யாக வேண்டும். பேழையின் முழக்கணக்கு பொய்த்தால் போதாது. மேலும், அந்தக் கதை ஒரே கையால் எழுதப்பட்டதாகவும் தோன்றவில்லை. ஓரிடத்தில் ஒவ்வோர் உயிரிலும் ஓரிணை. அடுத்த அதிகாரத்தில் தூய விலங்குகளில் ஏழேழு இணைகள். ஓரிடத்தில் 40 நாள் மழை; மற்றோரிடத்தில் 150 நாள் வெள்ளம். இரண்டு மரபுகளையும் ஒன்றாகப் பின்னியவர், முரண்பாட்டைக் காணாத மூடர் அல்லர், இரண்டையும் மதித்தவர். கண்ணால் கண்ட சாட்சியின் அறிக்கையாக அதை அவர் கருதியிருந்தால், ஏதேனும் ஓர் எண்ணை அடித்திருப்பார் அன்றோ?

'கட்டுக்கதை' என்ற சொல்லை நாம் எளிதாக வீசுகிறோம். ஏமாற்றுவதற்காகக் கட்டியது கட்டுக்கதை. ஒரு மக்களினம் தன் ஆழ்ந்த வினாக்களைக் கதையாகவே சிந்தித்து வைத்தது தொன்மம். இரண்டுக்கும் இடையே கடல் அளவு தொலைவு இருக்கிறது. பிற சமயத்தாரின் கதைகளைப் பற்றிப் பேசும்போதும் இதை நாம் நினைவில் கொள்வது நல்லது.

இவ்வளவும் கற்றுத் தேறித்தான் நான் குருப்பட்டம் பெற்றேன். இனி நாணத்துக்குரிய பகுதி.

2003ஆம் ஆண்டில் நான் நாகைக் கடற்கரையில் ஒரு மீனவச் சிற்றூரின் இளம் பங்குத்தந்தை. அவ்வாண்டு மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. முதல் வாசகம் தொடக்க நூல் 9ஆம் அதிகாரம், நோவாவோடு கடவுள் செய்த உடன்படிக்கை. அதில் வெள்ளத்தின் அழிவு இல்லை. இனி அழிவில்லை என்ற வாக்குறுதிதான் இருக்கிறது. நானோ வாசகத்தில் இல்லாத வெள்ளத்தைப் பற்றி அரைமணி நேரம் மறையுரை ஆற்றினேன். தீயவர்களைத் தண்ணீர் வாரிக்கொண்டு போயிற்று. நீதிமானை ஆண்டவர் காத்தார். நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்கள் கதி என்ன? கோவில் நிசப்தமாயிற்று. பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்தார்கள். பூசை முடிந்ததும் உபதேசியார், "இப்படி ஒரு பிரசங்கம் கேட்டு வெகுநாள் ஆச்சு சாமி" என்றார். அன்று நான் பெருமிதத்தோடு உணவருந்தினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? வலையும் படகுமாய் வாழும் எளிய மக்களுக்கு நினிவேயும் பாபிலோனும் எதற்கு, இதுவே போதும் என்று எண்ணினேன். அறிவாளிகளுக்கு ஒரு விவிலியமும் ஏழைகளுக்கு ஒரு விவிலியமும் உண்டு என்பதுபோல் நடந்துகொண்டேன். அச்சம் விரைவில் முளைக்கும் விதை. அதன் விளைச்சலை அப்போது நான் எண்ணவில்லை.

2004 திசம்பர் 26ஆம் நாளும் ஞாயிறுதான், திருக்குடும்பப் பெருவிழா. அன்று காலை 6.28 மணியளவில் சுமத்ரா தீவின் கடலோரத்தில் நிலம் அதிர்ந்தது. திருப்பலி முடிந்து மக்கள் வீடு திரும்பியிருந்த வேளையில் கடல் ஊருக்குள் வந்தது. 'கடல்கோள்' என்ற சொல்லை அதுவரை தமிழ்ப் பாடத்தில் மட்டுமே நான் கண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர். அவர்களுள் 6000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தினர். அதைப் பற்றி நான் விரித்து எழுதப்போவதில்லை. நாங்கள் அடக்கம் செய்தவர்களின் பெயர்களை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினேன். பக்கம் நிரம்பி மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, திருமண மண்டபத்தில் அமைந்த முகாமில் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனை இழந்தவர். அழுது ஓய்ந்த குரல்.

"சாமி, அன்னைக்கு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க, கெட்டவங்களைத்தான் தண்ணி கொண்டுபோச்சுன்னு. எம் புள்ளைக்கு ஆறு வயசு சாமி. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் சினத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். குரு சொன்னால் அது சரியாய்த்தான் இருக்கும், ஆகவே தன் குழந்தை செய்த பாவம் இன்னதென்று அவரே சொல்லட்டும் என்று கேட்டார்.

"ஆண்டவருடைய திட்டம் நமக்குத் தெரியாது அம்மா" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைகள் இறங்கும் பக்கம் நடந்து போய்விட்டேன்.

அந்த வாரமே வெளியூர்ப் போதகர் சிலர் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, இது பாவத்தின் தண்டனை என்று கூவினார்கள். ஊர் இளைஞர்கள் அவர்களை விரட்ட எழுந்தார்கள். என்னால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. அவர்கள் கூவியது என் மறையுரையின் எதிரொலியே அல்லவா?

சில வாரங்கள் கழித்து, ஈரத்தில் ஊறிக் காய்ந்த என் மறையுரைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். 2004 மார்ச் 14, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு என்ற பக்கம் வந்தது. அன்றைய நற்செய்தி லூக்கா 13ஆம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று வினவி, இல்லை என்று ஆண்டவர் தாமே விடையும் கூறுகிற பகுதி. கடல் வருவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர் அதே கோவிலில் அதே மக்கள் முன் நானே அதை வாசித்திருக்கிறேன்! என் குறிப்பில் அந்தக் கோபுரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதையடுத்து வரும் காய்க்காத அத்திமரத்தைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

மறைநூல் நம்பத்தக்கதா என்று கேட்கிறோம். மறைநூல் அந்தத் தாய்க்குத் தேவையான சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நம்பத்தகாதவனாய் நடந்தவன் நான்.

நம் திருச்சபையும் இந்தத் தெளிவுக்கு எளிதில் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்நூல்கள் முழுவதையும் மோசேயே எழுதியிருக்க முடியாது என்று 1678இல் எழுதிய ரிச்சர்டு சிமோன் என்ற பிரெஞ்சுக் குரு தம் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய நூற்படிகள் அழிக்கப்பட்டன. எருசலேமில் 1890இல் விவிலியக் கல்லூரியை நிறுவிய லக்ராஞ்சு அடிகளாரின் நூல்கள் சிலவற்றைக் குருமடங்களில் பயன்படுத்தலாகாது என்று 1912இல் ஆணை பிறந்தது. அவர் மறுப்பின்றிக் கீழ்ப்படிந்தார், தொடர்ந்து உழைத்தார். உலகப் போரின் நடுவே 1943இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், மறைநூல் ஆசிரியர்கள் தங்கள் காலத்து இலக்கிய வகைகளைக் கையாண்டார்கள் என்றும், அவற்றை ஆராய்வது விவிலிய அறிஞரின் கடமை என்றும் கூறி வாயிலைத் திறந்துவிட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலும் போராட்டம் ஓயவில்லை. 1962 நவம்பரில் முதல் வரைவை விவாதத்திலிருந்து விலக்கிவிடலாமா என்று வாக்கெடுத்தபோது, விலக்க வேண்டுமென்று 1368 பேரும் வேண்டாமென்று 822 பேரும் வாக்களித்தனர். மூன்றில் இரு பங்கு கிட்டாதபோதிலும், திருத்தந்தை 23ஆம் அருளப்பர் மறுநாளே தலையிட்டு அவ்வரைவைத் திரும்பப் பெற்றார். மூன்றாண்டு உழைப்புக்குப் பின்னர் 1965 நவம்பர் 18இல் 'இறை வெளிப்பாடு' என்னும் ஏடு 2344 வாக்குகளால் ஏற்கப்பட்டது, எதிர்த்தவர் அறுவரே. நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று அதன் 11ஆம் எண் கூறுகிறது. 'மீட்புக்காக' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவுறாதனவும் காலத்துக்கு உட்பட்டனவும் உண்டென்று 15ஆம் எண் ஒப்புக்கொள்கிறது. இந்த ஏடு பிறந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் நம் பங்குகளில் எத்தனை வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது? அதைக் கொண்டுசேர்க்க வேண்டிய பணியாளருள் நானும் ஒருவன்.

மண்ணைத் தோண்டி நம்பிக்கையை நிலைநாட்ட முனைந்தோரும் உண்டு. ஊர் என்ற பெயருடைய பண்டைய நகரில் லியோனார்டு வூலி என்பவர் எட்டடிக்கு மேல் தூய வண்டல் படிவைக் கண்டு, இது நோவாவின் வெள்ளமே என்று 1929இல் அறிவித்தார். உலகெங்கும் ஞானோபதேச வகுப்புகளில் அது முழங்கிற்று. ஆனால் சற்றுத் தொலைவிலிருந்த எரிது நகரில் அந்தப் படிவு இல்லை. பிற நகர்களில் கண்ட படிவுகள் வெவ்வேறு காலத்தவை. ஆறு பெருகும் நாட்டில் வெள்ளங்கள் பல வந்திருக்கின்றன, அவ்வளவே. வண்டல்மேல் கட்டிய நம்பிக்கை வண்டலோடு கரைந்துவிடும்.

இவ்வளவையும் கேட்ட அந்த இளைஞன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, நான் எதிர்பார்த்திருந்த வினாவையே கேட்டான்.

"அப்படியானால் உயிர்ப்பும் தொன்மம்தானா ஃபாதர்?"

நேர்மையான வினா. நோவாவைக் கதையென்று ஒப்புக்கொண்டவன் எங்கே நிற்பான் என்ற அச்சம்தான் நம்முள் பலரை வாயடைக்கச் செய்கிறது. விவிலியம் ஒரு நூலன்று, நூலகம். அதில் கதையும் உண்டு, கவிதையும் உண்டு, சட்டமும் உண்டு, மடலும் உண்டு. நிலப்பத்திரத்தைப் படிப்பதுபோல் தாலாட்டைப் படிக்கலாகாது. தாலாட்டைப் படிப்பதுபோல் பத்திரத்தையும் படிக்கலாகாது. நோவாவுக்கு ஆண்டில்லை, அரசன் பெயரில்லை. இயேசுவோ பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் பாடுபட்டார். அந்தப் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவின் பண்டைய அரங்கில், பிற்காலத்தார் படிக்கட்டில் வைத்துக் கட்டிய நிலையில் கிடைத்தது. ஆண்டவர் சிலுவையில் மரித்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதற்குள் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். உயிர்த்தவரைக் கண்டவர்கள் பெயர்களை அடுக்குகிறார். ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களுள் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்பதே அதன் பொருள். தொன்மம் அவ்வாறு பேசுவதில்லை. அதைச் சாட்சியம் என்போம்.

"சாட்சியம் என்றால் நம்பவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம் அல்லவா?" என்றான்.

"ஆம். கல்லைக் காட்டிப் பிலாத்துவை நிலைநாட்டலாம். உயிர்ப்பை அப்படிக் காட்ட எனக்கு இயலாது. சாட்சி சொன்னவர்கள் அதற்காக எதை இழந்தார்கள் என்று பார்த்து, நான் அவர்களை நம்புகிறேன்."

அவன் தலையசைத்தான், ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை. கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்தவன் வாசற்படியில் நின்று கேட்டான்: "அந்த அம்மாவிடம் பிறகு பேசினீர்களா?"

பேசினேன். வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவது நீங்கள் அறிந்ததே. 2006 மார்ச் 5ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறு, மீண்டும் நோவாவின் உடன்படிக்கை வந்தது. அதே ஊர், கடலிலிருந்து விலகிக் கட்டிய புதிய வீடுகளிலிருந்து மக்கள் நடந்து வந்திருந்தார்கள். அன்று நான் நினிவேயின் பலகையைப் பற்றிச் சொன்னேன். உறக்கம் கெட்ட தெய்வத்தையும் உள்ளம் நொந்த கடவுளையும் பற்றிச் சொன்னேன். அவர்கள் அனைத்தையும் விளங்கிக்கொண்டார்கள். விளங்காது என்று எண்ணியவன் நான் ஒருவனே. சுமத்ராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் நிலத்தட்டு நழுவியதால் அலை எழுந்தது என்றும், பாவம் செய்தவர் யார் என்று அலை பார்க்கவில்லை என்றும் சொன்னேன். சீலோவாம் கோபுரத்தைப் பற்றி இரண்டாண்டு தாமதமாகச் சொன்னேன். இறுதியில், மூன்றாண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில் நின்று நான் கூறியது தவறு, என்னை மன்னியுங்கள் என்றேன்.

திருப்பலி முடிந்தபின் அந்தத் தாய் கொடிமரத்தருகே நின்றிருந்தார்.

"அப்ப எம் புள்ளைய அவரு எடுக்கலையா சாமி?"

"எடுக்கவில்லை அம்மா."

"பின்ன அந்த நேரத்துல எங்க இருந்தாரு?"

அந்த வினாவுக்கு நோவாவின் கதையிலும் விடையில்லை, குருமடப் பாடத்திலும் இல்லை. திட்டம் என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இம்முறை அரிசி மூட்டைகளும் இல்லை, விலகிப் போவதற்கு வேறு சாக்கும் இல்லை. அவர் அருகிலேயே நின்றேன். இருவரும் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.

பிறகு அவர் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது சாமி. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.